இசக்கியம்மாள் இல்லாவிட்டால் எவ்வளவு?

காலை ஆறு மணிச் செய்தியில் தங்கம் விலைக்கும் வானிலைக்கும் நடுவே ஓர் எண் சொல்வார்கள் அல்லவா, "நாட்டின் இன்றைய நொய்மை, நாற்பத்தொன்று புள்ளி மூன்று பூஜ்யம்" என்று? அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவன் நான்தான். பெயர் ஞானதிரவியம். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. என் பெயர் உங்களுக்குத் தெரியாததில் எனக்கு வருத்தம் கிடையாது. எண் ஏறுகிற நாட்களில் தெரியாமல் இருப்பதே உடம்புக்கு நல்லது.

நூறு என்றால் யாராவது தும்மினால் நாடு விழுந்துவிடும் என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் உடையவே உடையாது, ஏனென்றால் அங்கே உடைவதற்குப் பாலமோ குழாயோ கிடையாது, வெறும் காடு. நாம் நாற்பதுகளில் இருக்கிறோம், சர்க்கரை வந்த குடும்பஸ்தர் மாதிரி மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டு. இந்த எண்ணை மக்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளைக்கு எத்தனை பவுன் என்று கேட்ட காலம் போய், மாப்பிள்ளை ஊர் நொய்மை எத்தனை என்று தரகர்கள் கேட்கிறார்கள். ஐம்பதுக்கு மேல் போன ஊர்ப் பையன்களுக்குப் பெண் கிடைப்பதில்லை.

எண்ணைக் கணிக்கும் இயந்திரத்துக்கு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. நாங்கள் அதைப் "பெரியவர்" என்போம். நாட்டிலுள்ள ஒவ்வொரு பாலத்திலும் குழாயிலும் டிரான்ஸ்பார்மரிலும் அவருடைய உணரிகள் ஒட்டியிருக்கின்றன. அவர் செய்வது ஒரே வேலை. ஒவ்வொரு பொருளாக எடுத்து, "இது இல்லாவிட்டால் எவ்வளவு?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். ஏதோ ஒரு பாலத்தை மனதுக்குள் அழித்துப் பார்ப்பார், நொய்மை எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்வார், திருப்பி வைத்துவிடுவார். அரைப் புள்ளிக்கு மேல் ஏறினால் அந்தப் பொருள் "தாங்கு புள்ளி". சட்டப்படி அதைச் சுற்றி வேலி, சிவப்புப் பலகை, இரண்டு காவலர். எங்கள் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் யாரும் அதை நகர்த்தக் கூடாது. நாடு முழுக்க அறுநூற்றுப் பதினான்கு தாங்கு புள்ளிகள் இருந்தன.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, பெரியவர் அறுநூற்றுப் பதினைந்தாவதைப் பட்டியலில் போட்டார். அதற்குப் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, உணரியும் இல்லை. தவிர, அது நடமாடியது.

"நடமாடுதுன்னா?" என்றார் இயக்குநர் அருளானந்தம். எந்தச் செய்தியையும் பல்வலி வந்தவர் போலவே கேட்டுக்கொள்பவர்.

"காலையில அஞ்சு மணிக்குத் தண்ணித் தொட்டிகிட்ட இருக்கு சார். எட்டு மணிக்கு மேலத்தெரு. பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு. மத்தியானம் ரெண்டு மணி நேரம் அசையாம இருக்கு."

"சாப்பிட்டுத் தூங்குதோ?"

"அப்படித்தான் தெரியுது."

"உணரி இல்லாம பெரியவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு நாள் அளவை மட்டும் பார்த்தா தெரியாது சார். ஆறு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்திருக்கார். திருநெல்வேலிப் பக்கம் பனையடிக்குளம்னு ஒரு பேரூராட்சி. அந்த ஊரோட கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா போகுது. மூணே மூணு இடத்துல மட்டும் எகிறி இருக்கு. மூணு நாள், அஞ்சு நாள், ஒரு நாள். அப்போ அந்த ஊர்ல இருந்து ஏதோ ஒண்ணு காணாம போயிருக்கு, திரும்பி வந்திருக்கு. அது இல்லாத நாள்ல எந்த நேரத்துல எந்த இடம் தடுமாறுச்சோ, மத்த நாள்ல அந்த நேரம் அது அங்க இருக்குன்னு கணக்கு. அந்த ஏதோ ஒண்ணு இல்லாட்டி நாட்டுக்கே முக்கால் புள்ளி ஏறுதாம்."

"போய் என்னன்னு பாத்து வேலியப் போட்டுட்டு வாங்க," என்றார் இயக்குநர்.

பனையடிக்குளத்தில் நான் முதலில் போனது பேரூராட்சி அலுவலகம். வருகைப் பதிவேட்டை வாங்கி அந்த மூன்று காலத்தையும் விரல் வைத்துத் தேடினேன். மூன்றிலும் விடுப்பில் இருந்தவர் ஒரே ஒருவர். இசக்கியம்மாள், ஐம்பத்து மூன்று வயது, குடிநீர் வால்வு திறப்பவர். மூன்று நாள் புருஷன் இறந்தபோது, ஐந்து நாள் டைபாய்டு, ஒரு நாள் திருச்செந்தூர். முப்பத்தொரு வருட வேலையில் ஆறு வருடமாகத்தான் பெரியவர் இருக்கிறார், அதற்கு முன்பு எண்ணை நாங்கள் கையால் கணக்குப் போட்டோம். அப்போது எத்தனை முறை நாடு தப்பியதோ.

அவரைக் கீழத்தெரு முனையில் கண்டுபிடித்தேன். ஆள் உயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தார். இடுப்பில் சொருகியிருந்த போன் ஒரு முறை அடித்து நின்றது. பிறகு இரண்டு முறை அடித்து நின்றது.

"போன் அடிக்குதே அம்மா, எடுக்கலையா?"

"எடுக்கக் கூடாது சார். ஒரு மிஸ்டு கால் வந்தா தண்ணி வரலன்னு அர்த்தம். ரெண்டு வந்தா போதும் மூடுன்னு அர்த்தம். எடுத்தா அவுகளுக்குக் காசு போயிரும்லா?" கண்ணைத் திறக்காமலே சொன்னார். காசு போகிற காலம் மலையேறி முப்பது வருடம் ஆகிறது என்று நான் சொல்லவில்லை.

ஊருக்குத் தானியங்கி வால்வுகள் வந்து பல வருடம் ஆயிற்று என்று எங்கள் பதிவேடு சொன்னது. அதைக் கேட்டதும் சிரித்தார். "அதையா கேக்கிய? வந்த அன்னிக்கே நாலு இடத்துல குழாய உடைச்சுட்டு. ஆஃப் பண்ணி வச்சிருக்கோம். இங்க பதினேழு வால்வு எடப்பக்கம் திருப்புனாத்தான் தெறக்கும். அந்தக் காலத்துல காண்ட்ராக்டர் தலைகீழாப் போட்டுட்டான். அது மிசினுக்குத் தெரியுமா?"

"சரி, நீங்க இல்லாட்டி என்ன ஆகும்?"

"தண்ணி வரும் சார், வராம என்ன. எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரம் வரும். அதான் வம்பு. தண்ணி வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டாரப் போட்டு உறிஞ்சுவாக. ரெண்டாயிரம் மோட்டார் ஒண்ணா ஓடுனா டிரான்ஸ்பார்மர் மூச்சு முட்டிச் செத்துரும். அதான் நான் தெருத் தெருவா, கரண்டு தாங்குத அளவு பாத்துத் தெறக்கேன்."

மீதிக் கதை எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கும் துணை மின்நிலையம் வழியாகத்தான் தென்பக்கத்துக் காற்றாலை மின்சாரம் முழுவதும் வடக்கே போகிறது. ஆடிக் காற்றில் அது ஒரு கணம் தடுமாறினால் மதுரையில் விளக்கு அணையும், விஜயவாடாவில் ரயில் நிற்கும், நாக்பூரில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைத் தேடும். இத்தனையும் இந்த அம்மாளின் இரும்புக் கம்பியில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில்தான் மடத்தனம் செய்தேன். பேரூராட்சித் தலைவரிடம் சொல்லி ஒரு பொன்னாடை வாங்கி வரச் செய்து, பஸ் ஸ்டாண்டில் வைத்து அவருக்குப் போர்த்தினேன். "நாட்டின் தாங்கு புள்ளி" என்று மைக்கில் அறிவித்தேன். போட்டோ எடுத்தோம். பெருமையாக அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றிக் கையெழுத்தும் போட்டேன். ஒருவருக்கு மரியாதை செய்தால் அவருக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்வது நம் ஊர் வியாதி.

மறுநாள் காலை சட்டம் தன் வேலையைச் செய்தது. லாரியில் வேலி வந்தது. இசக்கியம்மாளின் ஓட்டு வீட்டைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சிவப்புப் பலகை: "தாங்கு புள்ளி எண் 615. தொடாதீர்." இரண்டு காவலர்கள் அவர் பின்னாலேயே நடந்தார்கள், ஒருவர் குடை பிடித்துக்கொண்டு. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பைக்கில் பின்னால் உட்காரக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை துரு நீக்கி வர்ணம் பூச வேண்டும் என்ற விதியை மட்டும் என் சொந்தப் பொறுப்பில் தளர்த்தினேன்.

"சார், இங்க வாங்க," என்று வேலிக்குள்ளிருந்து கூப்பிட்டார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "எனக்கு ஆவணி பன்னெண்டு கல்யாணம். தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால் யாரும் ஒருவரைப் பற்றி விசாரிப்பதில்லை.

மாப்பிள்ளை பெயர் ஆறுமுகநயினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து எட்டு வருடம் ஆகிறது. டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த சிநேகிதியின் அண்ணன்.

"அவரை இங்க வந்து இருக்கச் சொல்லலாமே," என்றேன், உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை போல.

"அவுக வருவாக. எனக்குத்தான் இங்க இருக்க வேண்டாம். முப்பத்தோரு வருசமா எந்தத் தெருவுல நடந்தாலும் எனக்கு வால்வுதான் தெரியுது. மழை பெஞ்சா, கொளத்துல எவ்வளவு நிக்கும்னுதான் தோணுது. எனக்கு ஒரு ஊரு வேணும் சார். அங்க கொழாயில தண்ணி வராட்டி, நானும் மத்த பொம்பளைய மாதிரி கொடத்தோட நின்னு, 'எவன்டா அவன் தண்ணி தெறக்கிறவன்'னு திட்டணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவரை இங்கே கட்டிப்போட்டிருந்தது பட்டியலில் இருந்த என் கையெழுத்துத்தான்.

நயினார் சும்மா இருக்கவில்லை. "தாங்கு புள்ளி இடமாற்ற விண்ணப்பம்" வாங்கிப் பூர்த்தி செய்து அனுப்பினார். பொருளின் எடை என்ற இடத்தில் "ஐம்பத்தெட்டு கிலோ, டைபாய்டுக்குப் பிறகு ஐம்பத்து நான்கு" என்று எழுதியிருந்தார். தேவைப்படும் கிரேன் என்ற இடத்தில், "தேவையில்லை. முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் நடந்தே வருவார்." இடமாற்றத்தின் காரணம் என்ற இடத்தை மட்டும் வெகுநேரம் யோசித்திருக்க வேண்டும், மை ஊறியிருந்தது. "பிரியம்" என்று எழுதியிருந்தார்.

இயக்குநர் அதை இரண்டு முறை படித்தார். "சட்டத்துல 'ஆள் தவிர'ன்னு எவனும் எழுதல திரவியம். அந்தம்மா இல்லாட்டி எவ்வளவு ஏறும்ங்கறது அரைப் புள்ளிக்குக் கீழ வந்து, பதினஞ்சு நாள் தொடர்ந்து அப்படியே நிக்கணும். அப்பத்தான் பட்டியல்ல இருந்து எடுக்க முடியும்."

"இப்ப முக்கால்ல நிக்குது சார்."

"குறைங்க."

பெரிய பெரிய பொறியாளர்கள் வந்தார்கள். இசக்கியம்மாளின் கம்பியில் கருவி மாட்டி, அவர் கேட்பதையெல்லாம் இயந்திரத்தைக் கேட்க வைத்தார்கள். வால்வைத் திருப்பும் முன் அவர் ஒருமுறை செருமுவார். மூன்று வாரத்தில் இயந்திரம் அதை மட்டும் அச்சு அசலாகக் கற்றுக்கொண்டது. கடைசியில் வழி சொன்னது இசக்கியம்மாள்தான்.

"இருபத்து மூணு தெரு, இருபத்து மூணு சாவி. தெருவுக்கு ஒரு ஆளு கையில குடுத்துருவோம்."

"அவங்கவங்க தெருவுக்கு மட்டும் நிறைய திறந்துக்குவாங்களே?"

"கூறுகெட்ட தனமா அவுகவுக தெருச் சாவிய அவுக கையிலயா குடுப்பேன்? கீழத்தெரு சாவி மேலத்தெரு சரசுகிட்ட. மேலத்தெரு சாவி நாடார் தெரு லிங்கதுரைகிட்ட. இவ அவனுக்குக் கொறச்சா, இன்னொருத்தி இவளுக்குக் கொறச்சுருவா. பயம் இருக்கும்லா?"

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான பாதுகாப்பு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இருபத்து மூன்று பேரையும் நிற்க வைத்து, எது இடம், எது வலம் என்று காட்டினார். நிறைய சண்டை நடந்தது. ஆனாலும் எண் இறங்கியது. 0.75, 0.66, 0.58. ஆடிப் பெருக்கு முடிந்து ஒரு வாரத்தில் 0.49. பதினைந்து நாள் கணக்குத் தொடங்கியது. கல்யாணத்துக்குச் சரியாகப் பதினேழு நாள் இருந்தது.

பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு லிங்கதுரையின் ஆட்டைச் சரசுவின் மருமகன் பைக்கில் இடித்துவிட்டான். ஆடு பிழைத்துக்கொண்டது. லிங்கதுரை மேலத்தெரு வால்வை அடைத்தார். சரசு சும்மா இருப்பாரா? லிங்கதுரையின் தெருச் சாவி தன்னிடம் இல்லாத ஆத்திரத்தில், தன் கையிலிருந்த கீழத்தெரு வால்வை அகலத் திறந்துவிட்டு, அந்தச் சாவியைச் சேலையில் முடிந்துகொண்டு அவரிடம் சண்டைக்குப் போய்விட்டார். கீழத்தெருவில் மோட்டார்கள் உறுமத் தொடங்கின. மேலத்தெருவில் காற்றை உறிஞ்சிக்கொண்டு மோட்டார்கள் அலறின.

இசக்கியம்மாள் வாசலில் காவலர்களின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் நிற்காமல் அடித்தது. எழுந்து நின்றார்.

"போகாதீங்கம்மா," என்றேன். "நீங்க போய்ச் சரி பண்ணுனா, நீங்க இல்லாம இந்த ஊர் ஓடாதுன்னு பெரியவர் எழுதிருவார். எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"டிரான்ஸ்பார்மர் இரையுது சார். ஒங்களுக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கம்பியை எடுத்துத் தரையில் ஊன்றிக் காதை வைத்தார், பிறகு பிடுங்கி எறிந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பெத்திருந்தா இப்படித்தான இருக்கும்? பிள்ள நடை பழகையில கீழ விழட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கணும்," என்றார். என் போனில் விஜயவாடா கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது. நான் எடுக்கவில்லை. காவலர்கள் இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடை பிடிப்பவர் அழுதுகொண்டிருந்தார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு போன் அடிப்பது குறைந்தது. அறுபத்தோரு மிஸ்டு கால். அத்துடன் நின்றது. தெரு முனையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். கீழத்தெருக்காரர்கள் தாங்களாகவே வீடு வீடாக மோட்டாரை நிறுத்தினார்களாம். சரசுவும் லிங்கதுரையும் ஒருவர் வாயைப் பார்த்து ஒருவர் திட்டிக்கொண்டே ஒரே நேரத்தில் வால்வுகளைத் திருப்பினார்களாம். லிங்கதுரை தப்பான பக்கம் திருப்பப் போக, "எடப்பக்கம்யா!" என்று தெருவே கத்தியதாம்.

மறுநாள் பெரியவர் 0.31 என்று எழுதினார். பதினைந்தாம் நாள் நான் போய் வேலியை என் கையாலேயே அவிழ்த்தேன். ஆவணி பன்னிரண்டு, புதன்கிழமை, தூத்துக்குடியில் கல்யாணம். நான் போயிருந்தேன். பொன்னாடை எடுத்துப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு போன் வந்தது.

"சார், இசக்கி பேசுதேன். நம்பர் கேட்டேன்."

"சந்தோஷமா இருங்கம்மா. நாற்பத்தொண்ணு முப்பது. நேத்து என்னவோ அதேதான். நீங்க ஊர விட்டுப் போயும் ஒரு துளிகூட ஏறல. ஊர் பத்திரமா இருக்கு."

மறுமுனையில் செய்திச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஒண்ணுமே ஏறலியா?"

"ஒண்ணுமே இல்ல."

"முப்பத்தோரு வருசம் சார்," என்றார். பிறகு அவசரமாக, "நல்லதுதான். ஏறக் கூடாதுன்னுதான அவ்வளவு பாடுபட்டோம். சவத்த வுடுங்க," என்றார். குரல் நன்றாக இல்லை.

"இல்லம்மா, அது ஒரு நாள் தாமதமாத்தான் தெரியும்," என்று நான் சொன்னேன். சுத்தப் பொய்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு என் மேசைக்கு எண் வந்தது. 41.30. சட்டப்படி, உணரிக் கோளாறு இருந்தால் கையெழுத்துப் போடுகிறவன் ஒரு புள்ளியில் நூறில் ஐந்து பங்கு வரை கையால் திருத்தலாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அந்தப் பக்கம் போனதில்லை. அன்று பூஜ்யத்தை அழித்து இரண்டு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் "ஆள் புறப்பாடு" என்று எழுதினேன். மனது நிறைந்திருந்தது.

ஆறு மணிக்கு நாடு நூறில் இரண்டு பங்கு கூடுதலாக நொய்ந்தது. ஏழு மணி விவாதத்தில் ஒரு நிபுணர் அதற்குப் பருவமழைதான் காரணம் என்று வரைபடத்தோடு விளக்கினார்.

அதற்கு முன்பே போன் வந்துவிட்டது. "கேட்டியளா சார்? ஏறிருக்குலா! ரெண்டு! இவுககிட்டச் சொன்னேன், நான் வந்ததுல நாடே ரெண்டு ஏறிட்டுன்னு. பாயாசம் வைக்கச் சொல்லுதாக." பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "இன்னிக்கு இங்க தண்ணியே வரல சார். தெருவே கேக்கத் திட்டிட்டு வந்தேன்."

பத்து மணிக்கு இயக்குநர் என் அறைக்கு வந்தார். கையில் திருத்தப் பதிவு இருந்தது.

"இந்த ரெண்டு எங்க இருந்து வந்துச்சு?"

மறைப்பதற்கு எதுவும் இல்லை. சொன்னேன். நாட்டின் எண்ணில் கை வைத்தால் வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும். அவர் பதிவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவு வரை போனவர் அங்கேயே நின்றார். மறுநாள் மாதக் கடைசி, அவருக்கு ஓய்வு. முப்பத்தாறு வருடச் சேவை. பிரிவு உபசார விழாவைப் பற்றி யாரும் பேச்சுகூட எடுக்கவில்லை.

"நாளைக்கு நான் போனா எவ்வளவு போடுவீங்க?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுப் போகாமல், கதவைப் பிடித்தபடி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.